பச்சை எரிந்தாலும் நம்பாதவர்

எங்கள் தொழிற்சாலையில் ‘தெரியல’ என்று வாய் கூசாமல் சொன்ன ஒரே ஆள் அவர்தான். மற்றவர்களான எங்களுக்கு எல்லாமே தெரியும். காலை ஒன்பது மணிக் கூட்டத்தில் மெஷின் ஏன் நின்றது என்று பிளான்ட் ஹெட் கேட்டால், மெஷின் பக்கமே போகாதவன்கூட ஒரு காரணம் கையில் வைத்திருப்பான். சென்சார் என்பான், ஏர் பிரஷர் என்பான், ஒன்றும் அகப்படாவிட்டால் மழை என்பான். அவரைக் கேட்டால், தெரியல சார், பாத்துட்டுச் சொல்றேன் என்பார். பிளான்ட் ஹெட்டின் முகம் கல்லைக் கடித்தது போல ஆகிவிடும். தெரியாது என்பதைக் கேட்பதற்காக அவர் யாருக்கும் சம்பளம் தரவில்லையாம்.

மெயின்டனன்ஸ் பிரிவில் அவர் காண்ட்ராக்ட் டெக்னீஷியன். சுடிதாருக்கு மேல் சாம்பல் நிறக் கோட்டு, ஒரு சைஸ் பெரிய சேஃப்டி ஷூ, கோட்டுப் பையில் எப்போதும் ஒரு மல்டிமீட்டர். லைனில் இருந்தவர்கள் அக்கா என்றார்கள். எனக்கும் அவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது, முப்பத்தைந்தை ஒட்டி. நான் மேடம் என்பேன், அவர் சார் என்பார். நான் ப்ராசஸ் இன்ஜினீயர், பெர்மனென்ட். சாத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து இருங்காட்டுக்கோட்டையில் ரூம் எடுத்திருந்தேன். அவர் சேரப்பணஞ்சேரிக்காரர். பெர்மனென்ட், காண்ட்ராக்ட் என்ற இந்த இரண்டு சொற்களை இங்கே சும்மா சொல்லவில்லை. பின்னால் நடந்ததெல்லாம் அதனால்தான் நடந்தது.

நல்லா இருக்கீங்களா என்று கேட்டால்கூட அவர் உடனே ஆமாம் என்று சொல்ல மாட்டார். “தெரியல சார், இன்னும் பாக்கல” என்பார். முதலில் கிண்டல் என்று நினைத்தேன். கிண்டல் இல்லை. சொல்லிவிட்டு ஒரு நொடி நின்று யோசித்து, முட்டி வலிக்குது, மத்தபடி பரவால்ல என்று நிஜமான பதில் ஒன்றைத் தருவார். அதற்குள் கேட்டவன் பத்தடி போயிருப்பான். யார் எதைச் சொன்னாலும் அவரிடம் ஒரே கேள்வி இருந்தது. நீங்க பாத்தீங்களா, இல்ல சொன்னாங்களா? கான்டீனில் சாம்பார் இப்பத்தான் இறக்கினது என்று சொன்ன மாஸ்டரிடமும் அதையே கேட்டார். மாஸ்டர் அதன்பிறகு அவர் தட்டில் அப்பளம் வைப்பதை நிறுத்திவிட்டார்.

ஒரு ஒயரில் கரண்ட் இல்லை என்று மீட்டர் காட்டினால் நாமெல்லாம் தொட்டுவிடுவோம். அவர் முதலில், கரண்ட் இருப்பது நிச்சயமாகத் தெரிந்த ஒரு பிளக் பாயின்ட்டில் மீட்டரை வைப்பார். அது காட்டும். பிறகு வேலை செய்ய வேண்டிய ஒயரில் வைப்பார். பூஜ்யம். அப்படியும் தொட மாட்டார். மறுபடி நடந்து போய் அதே பிளக் பாயின்ட்டில் வைத்துப் பார்ப்பார். நடுவில் மீட்டரே செத்துப் போயிருந்தால் அதுவும் பூஜ்யம்தானே காட்டும் என்பது அவர் கணக்கு. பயிற்சி வகுப்பில் எல்லோருக்கும் சொல்லித் தருகிற விஷயம்தான் இது. தினமும் அதைச் செய்த ஆளாக நான் பார்த்தது அவர் ஒருவரைத்தான்.

தீ ஒத்திகை நடந்த கதையைச் சொல்ல வேண்டும். சைரன் ஊதினால் எல்லோரும் பார்க்கிங் பக்கம் போய் வரிசையில் நிற்க வேண்டும், லீடர் பெயர் வாசித்து ஆள் எண்ண வேண்டும். அந்த முறை அவர் வேண்டுமென்றே போகவில்லை. கான்டீனுக்குப் பின்னால் எண்ணெய் டின்கள் மேல் உட்கார்ந்துகொண்டார். ஒத்திகை முடிந்தது, எல்லாரும் பத்திரம் என்று மைக்கில் அறிவித்தார்கள், கை தட்டினார்கள். பிறகு அவர் ஆபீசுக்குப் போய், பட்டியலில் தன் பெயருக்கு நேரே டிக் போட்டிருப்பதைக் காட்டி, நான் உள்ளாற எரிஞ்சிகினு இருந்தேன் சார் என்று நிதானமாகச் சொன்னார். சேஃப்டி ஆபீசர் நாலு நாள் அவரோடு பேசவில்லை. எங்களுக்கெல்லாம் ஒரு மாதத்துக்குச் சிரிக்க விஷயம் கிடைத்தது. பட்டியலில் டிக் போட்டது நான்தான் என்பதால் நான் கொஞ்சம் குறைவாகச் சிரித்தேன்.

ஏன் இப்படி இருக்கிறீர்கள் என்று அவரிடம் ஒருமுறை கேட்டேன். தெரியல என்றார்.

இனி மெஷினுக்கு வருகிறேன். நாங்கள் செய்தது சின்னச் சரக்கு வண்டிகளுக்கான பிரேக் சிலிண்டர். லைனின் கடைசியில் லீக் டெஸ்ட் மெஷின் நிற்கும். ஒவ்வொரு சிலிண்டரையும் பிடித்து, காற்றை ஏற்றி, சில நொடி பொறுத்து, எவ்வளவு கசிந்தது என்று அளக்கும். அளவுக்குள் இருந்தால் பச்சை, தாண்டினால் சிவப்பு. அது வெளிநாட்டிலிருந்து பழசாக வாங்கி வந்த மெஷின். அளக்கிற கார்டுகள் எல்லாம் ஒரு இரும்பு ராக்கில் வரிசையாகச் செருகியிருந்தன. அந்த வரிசையின் முதல் இடத்தில் இருந்த பழைய கம்ப்யூட்டர் கார்டு ஒருநாள் செத்துப் போனது. அளக்கிற கார்டுகள் நன்றாகவே இருந்தன, அவற்றிடம் அளவைக் கேட்டு வாங்கத்தான் ஆள் இல்லை. அந்தக் கம்ப்யூட்டர் கார்டு இப்போது உலகத்தில் எங்கும் கிடைப்பதில்லை.

கார்டுகள் தங்களுக்குள் பேசிக்கொள்கிற பாதைக்கு பஸ் என்று பெயர். ராக்கின் பஸ் ஒரு வகை, கடையில் வாங்கும் கம்ப்யூட்டரின் பஸ் வேறு வகை. இரண்டையும் இணைக்கும் அடாப்டர் ஒன்றை வரவழைத்தோம். ஒரு கார்டு கம்ப்யூட்டருக்குள் போகும், இன்னொரு கார்டு ராக்கின் முதல் இடத்தில் உட்காரும், நடுவே கட்டை விரல் தடிமனில் ஒரு கேபிள். மாட்டிவிட்டால் ராக்கில் இருக்கும் எண்களைத் தன் சொந்த நினைவகம் மாதிரி கம்ப்யூட்டர் எட்டிப் படித்துக்கொள்ளும். அதை மாட்டுகிற வேலை அவரிடம் வந்தது.

ஒரு சனிக்கிழமை முழுக்க அந்தக் கார்டைக் கையில் வைத்துக்கொண்டு ஜம்பர்களைப் பார்த்தார். நெல்மணி அளவு மூடிகள், எந்த ஊசியில் எதை மாட்டுகிறோமோ அதைப் பொறுத்து கார்டின் நடத்தை மாறும். எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை படிக்கலாம், ராக்குக்குத் தலைமை யார், எல்லாம் அதில்தான். ஒவ்வொன்றையும் மாற்றுவதற்கு முன்னால் போனில் படம் எடுத்தார், மாற்றிய பின் ஒரு படம் எடுத்தார். ஞாயிறு காலை சர்ச்சுக்குப் போய்விட்டுப் பத்து மணிக்கு வந்து மின்சாரம் கொடுத்தார். மூன்று என்று வர வேண்டிய அளவு எழுநூற்று அறுபத்தெட்டு என்று வந்தது. நான் தலையில் கை வைத்துவிட்டேன். அவர் முகத்தில் அன்றைக்குத்தான் சிரிப்பைப் பார்த்தேன். இந்தப் பக்கம் வீட்டு நம்பரை முன்னாடி எழுதுது சார், அந்தப் பக்கம் தெருவ முன்னாடி எழுதுது என்றார். எண்ணின் இரண்டு பாதிகளையும் இடம் மாற்றிப் படிக்கும்படி ஒரு செட்டிங் இருந்தது. அதைப் போட்டதும் மூன்று மூன்றாக வந்தது.

சிவப்பு பீஸைப் போட்டோம். அது வேண்டுமென்றே துளையிட்டு, சிவப்புப் பெயின்ட் அடித்து வைத்த சிலிண்டர். ஒவ்வொரு ஷிப்ட் தொடக்கத்திலும் அதை மெஷினில் வைத்து, மெஷின் அதைத் தள்ளுகிறதா என்று பார்த்து, பட்டியலில் டிக் போட்ட பிறகுதான் லைன் ஓட வேண்டும். மெஷின் தள்ளியது. எனக்கு அது போதும். அவருக்குப் போதவில்லை. கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே ராக்கின் மின்சாரத்தை அணைத்துவிட்டு, சிவப்பு பீஸை மறுபடி வைத்தார்.

பச்சை எரிந்தது. கசிவு பூஜ்யம்.

அவர் இன்னொரு முறை வைத்துப் பார்த்தார், மறுபடியும் பச்சை. பிறகு எனக்கு விளக்கினார். ராக் பதில் தராவிட்டால் அடாப்டர் சும்மா இருப்பதில்லை, ஒரு குறிப்பிட்ட எண்ணைத் திருப்பிக் கொடுக்கிறது. எங்கள் புரோகிராம் அந்த எண்ணை மைனஸ் ஒன்று என்று படிக்கிறது. கசிவு மைனஸில் இருக்க முடியாது என்பதால் யாரோ ஒரு புத்திசாலி, பூஜ்யத்துக்குக் கீழே போனால் பூஜ்யம் என்றே காட்டச் சொல்லி எழுதியிருக்கிறான். ஆக, தொடர்பு அறுந்தால் எல்லா சிலிண்டரும் முதல் தரம்.

“தெரியலன்னா தெரியலன்னு சொல்லணும் சார் அது. நல்லா கீதுன்னு சொல்லக்கூடாது.”

இரண்டு நாள் கொடுங்கள், புரோகிராம் எழுதியவர்களை வரவழைத்து மாற்றிவிடலாம் என்றார். திங்கள் காலை ஆறு மணிக்கு லைன் ஓட வேண்டும் என்று எனக்கு உத்தரவு. அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். அவர் வாதாடவில்லை. கேபிளை இழுபடாமல் ஒரு பெரிய வளையமாகத் தொங்கவிட்டு, இதைத் தொடாதீர்கள், இப்படியே இருக்கட்டும் என்று ஒரு அட்டையில் எழுதி மாட்டினார். மெஷின் ஒவ்வொரு முறை பிடிக்கும்போதும் ராக் அதிரும், அந்த அதிர்வுக்குக் கேபிளில் தளர்ச்சி வேண்டும் என்று என்னிடம் இரண்டு முறை சொன்னார்.

மூன்று வாரம் கழித்து வாடிக்கையாளர் கம்பெனியிலிருந்து ஆடிட் வந்தது. ஆடிட் என்றால் எங்களுக்குக் கல்யாண வீடு மாதிரி. தரையில் மஞ்சள் கோடு புதிதாக அடிப்பார்கள், செடித்தொட்டி வைப்பார்கள், தொங்குவது எதுவும் கண்ணில் படக்கூடாது. தொங்குகிற ஒயர் ஒன்றுக்கு ஒரு மதிப்பெண் போகும். அன்று காலை ஆறு மணிக்கு சிவப்பு பீஸைச் சரி பார்த்தாயிற்று. ஏழு மணிக்கு நான் கடைசியாக ஒரு சுற்று வந்தேன். அந்த வளையம் என் கண்ணை உறுத்தியது. அட்டையைக் கழற்றி மேஜைக்குள் போட்டேன். கேபிளை மடக்கி, ஒயர்கள் போகும் டிரேக்குள் செருகி, நாலு பிளாஸ்டிக் டேக் போட்டு இழுத்துக் கட்டி, வால்களைக் கட்டரால் நறுக்கினேன். பார்க்க மிகவும் அழகாக இருந்தது. மெஷினைத் திரும்பிப் பார்த்தேன். பச்சை எரிந்தது. போய்விட்டேன்.

அவருக்கு அன்று வேறு பிளாக்கில் வேலை. வந்திருந்தால் லைனில் கணக்கு எழுதும் போர்டைப் பார்த்தே கண்டுபிடித்திருப்பார். எந்த ஷிப்டிலும் ஒன்றிரண்டு பீஸாவது சிவப்பில் விழும். அன்று ஒன்றும் விழவில்லை. ரிஜெக்ஷன் பூஜ்யம் என்று போர்டில் எழுதி, அதன் முன்னால் ஆடிட்டர்களை நிறுத்தி பிளான்ட் ஹெட் படம் எடுத்துக்கொண்டார். நானும் அந்தப் படத்தில் இருக்கிறேன். அடுத்து வந்த இரண்டு ஷிப்டிலும் ஆடிட் சந்தடியில் சிவப்பு பீஸை யாரும் வைக்கவில்லை, டிக் மட்டும் போட்டார்கள். மறுநாள் காலை ஆறு மணிக்கு ஆபரேட்டர் பெண் ஒருத்தி ஒழுங்காக சிவப்பு பீஸை வைத்தாள். பச்சை எரிந்தது. அவள் என்னைக் கூப்பிடவில்லை. அக்காவைக் கூப்பிட்டாள்.

நான் போனபோது அவர் ராக்கின் கதவைத் திறந்து வைத்திருந்தார். இழுத்துக் கட்டிய கேபிள், அடாப்டர் கார்டையே அதன் இடத்திலிருந்து ஒரு நூல் அளவுக்கு வெளியே இழுத்திருந்தது. யாரு கட்னது என்று கேட்டார். நான்தான் மேடம், ஆடிட்டுக்காக என்றேன். அவர் கட்டரை எடுத்தார். டேக்குகளை ஒவ்வொன்றாக வெட்டினார். பிறகு, ஓட்டின பார்ட்ஸெல்லாம் எங்க கீது சார் என்று மட்டும் கேட்டார். பெரும்பகுதி முந்தின நாள் ராத்திரியே லாரியில் போய்விட்டது.

ஒன்பது மணிக் கூட்டத்தில் பிளான்ட் ஹெட் உட்காரவில்லை, நின்றுகொண்டே பேசினார். கேபிளை யார் தொட்டது என்று என்னைப் பார்த்துக் கேட்டார். என் வீட்டுக் கடன், மனைவி நிறைமாதமாக ஊரில் இருந்தது, இதெல்லாம் அந்த நேரத்தில் என் நினைவுக்கு வந்தன என்று சொன்னால் நன்றாக இருக்கும். எதுவும் வரவில்லை. வாய் தானாகத் திறந்தது.

“தெரியல சார்” என்றேன்.

ஓரமாக நின்றிருந்த மேடம் என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபமாகப் பார்த்ததாக நினைவில்லை. மீட்டரைப் பார்ப்பது போலப் பார்த்தார். பிறகு பிளான்ட் ஹெட் அவரிடம், அடாப்டரை மாட்டியது நீங்கள்தானே என்றார். “மாட்னது நான்தான் சார்” என்றார். அதற்கு மேல் அவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. மூன்று நிமிடத்தில் கூட்டம் முடிந்தது.

அடுத்த மூன்று நாள் நானும் அவரும் வாடிக்கையாளரின் கிடங்கில் உட்கார்ந்து சிலிண்டர்களைப் பிரித்தோம். ஒவ்வொன்றிலும் ஒரு எண் பொறித்திருக்கும். அவர் எண்ணை வாசிப்பார், நான் பட்டியலில் அடிப்பேன். இரண்டாவது எண்ணிலேயே, பென்சிலை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, அடிக்கிறதும் நானே அடிக்கிறேன் சார் என்றார். மத்தியானம் சாப்பிடும்போது, கேட்காமலே ஒன்று சொன்னார்.

“உங்க மேல கோவமாத்தான் கீறேன். ஏன் அங்க சொல்லலன்னு தெரியல. சொல்லியிருக்கணும்.”

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் தயிர் சாதத்தைச் சாப்பிட்டு முடித்து, டப்பாவைக் கழுவி வைத்துவிட்டு, அடுத்த பெட்டியைப் பிரித்தார்.

திரும்பி வந்தவற்றை மறுபடி சோதித்ததில் நாலு கசிந்தன. நாலும் நன்றாகவே கசிந்தன. ஆறு மட்டும் வரவில்லை. ஒரே பெட்டியில் இருந்த ஆறு. அது வண்டி செய்யும் இடத்துக்குப் போகாமல் உதிரிபாக டெப்போவுக்குப் போய், அங்கிருந்து எந்த ஊர் ஒர்க்‌ஷாப்புக்கோ போய்விட்டது. டெப்போவில் பெட்டிக் கணக்கு இருந்தது, பீஸ் எண்ணின் கணக்கு இல்லை. அந்த ஆறு எண்களை அவர் தன் உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டு டெப்போ டெப்போவாகப் போன் செய்தார். அனுப்பிட்டோம் என்றார்கள், இருக்கும் என்றார்கள், பார்க்கிறோம் என்றார்கள். பாத்தீங்களா, சொன்னாங்களா என்று அவர் கேட்டதும் போனை வைத்தார்கள்.

சனிக்கிழமை காண்ட்ராக்ட் கம்பெனி அவரிடம் திங்கள் முதல் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டது. கேட்டில் பாஸை வாங்கிக்கொண்டார்கள். நான் அப்போது உள்ளே ரிப்போர்ட் எழுதிக்கொண்டிருந்தேன். காரணம் என்ற கட்டத்தில், காண்ட்ராக்ட் டெக்னீஷியன் கார்டைச் சரியாகப் பொருத்தாதது என்று எழுதினேன். மீட்ட விவரம் என்ற கட்டத்தில் ஆறு குறைகிறது என்று எழுதியிருந்தேன். பிளான்ட் ஹெட் அதைப் படித்துவிட்டு, ஆறு பீஸுக்காக ஃபைல் திறந்தே கிடக்க வேண்டுமா என்று கேட்டார். அடித்துவிட்டு, அனைத்தும் மீட்கப்பட்டன என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எனக்கு வெட்கமோ பயமோ வரவில்லை. டீ வந்தது, குடித்தேன். அந்தப் படிவத்தின் தாள் வழவழப்பாக இருந்தது, அது நினைவிருக்கிறது.

அதன்பின் இரண்டு வருடம் போய்விட்டது. நான் இப்போது சீனியர் இன்ஜினீயர். புரோகிராமை மாற்றியாயிற்று, தொடர்பு அறுந்தால் மெஷின் இப்போது மஞ்சள் விளக்கு போட்டு நின்றுவிடுகிறது. செய்தித்தாளில் சரக்கு வண்டி விபத்து என்று வந்தால் படிக்காமல் பக்கத்தைத் திருப்பிவிடுகிறேன்.

போன மாதம் ஒரகடம் கூட்டு ரோட்டில், கம்பெனி பஸ்ஸுக்காக நின்ற கூட்டத்தில் அவரைப் பார்த்தேன். வேறு கம்பெனியின் நீலக் கோட்டு. கொஞ்சம் இளைத்திருந்தார். நான் பார்க்காதது போல நகர்ந்திருப்பேன், அவரே வந்துவிட்டார். குழந்தையைப் பற்றிக் கேட்டார், சொன்னேன். நல்லா இருக்கீங்களா மேடம் என்று கேட்டேன். அவர் வேறு ஏதோ கேட்க வருபவர் போலப் பையின் வாரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“அந்த ஆறு பீஸ் இன்னா ஆச்சு சார்?”

“கெடச்சிருச்சு மேடம்” என்றேன்.

“நீங்க பாத்தீங்களா, இல்ல சொன்னாங்களா?”

“பாத்தேன். என் கையால நம்பர் பாத்து எடுத்து வச்சேன்.”

அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துப்பட்டாவால் துடைத்துக்கொண்டார். ரெண்டு வருஷமா தூக்கமே இல்ல சார், ரோட்ல அந்த வண்டியப் பாத்தாலே பிரேக் புடிக்குதான்னு நின்னு பாத்துகினே இருப்பேன் என்றார். என் கையைப் பிடித்து, ரொம்ப தேங்க்ஸ் என்றார். அதற்குள் அவருடைய பஸ் வந்துவிட்டது. ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, என்னைப் பார்த்துத் தலையசைத்தார். முதல் முறையாக, நான் சொன்னதை அவர் சரி பார்க்காமல் நம்பியிருந்தார்.

அந்த ஆறும் இன்னும் எங்கோ ஓடிக்கொண்டிருக்கின்றன. எங்கள் பஸ்ஸும் வந்தது. ஏறி வேலைக்குப் போனேன்.